பாட்டை எப்போது விடுவது? ஃபெலாவின் மேடையும் இசைத்தட்டும்

1

ஃபெலா அனிகுலாப்போ-குட்டியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தவறாமல் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. புதுப்பாட்டு ஒன்றை மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில், லாகோஸ் நகரத்தில் இருந்த தன் அரங்கில் பாடிக்கொண்டே இருப்பார். பாடப் பாட அது நீளும், சுருங்கும், மாறும். பிறகு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவார். தட்டு வெளிவந்துவிட்டால் அவ்வளவுதான். அந்தப் பாட்டை மேடையில் மறுபடி பாடுவதில்லை என்பது அவருடைய வழக்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், தட்டில் கேட்டதை நேரில் கேட்கலாமென்று டிக்கெட் வாங்கி வந்தவர்கள், கேட்டே அறியாத பாட்டுகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறு கூட்டத்தில் நானும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கலை பண்டமாக மாறுகிற அந்தக் கணத்திலேயே அதைக் கைவிட்டுவிடுகிற கலைஞன், நிறுவனத்தின் கையில் சிக்காமல் நழுவுகிற பிரதி என்றெல்லாம் பேசினேன். வால்டர் பெஞ்சமினையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒரு தோழி கேட்டார். இயக்க மேடைகளில் பல வருஷமாகக் குழுவோடு பாடிக்கொண்டிருப்பவர் அவர். "அதெல்லாம் சரி தோழர், அவருக்குப் பின்னாடி நின்னு பாடுனாங்களே பொம்பளைங்க, இந்தப் பாட்டை வச்சுக்கலாமா விட்டுடலாமான்னு அவங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்னிடம் பதில் இல்லை. டீ ஆறிப்போச்சு. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது, காலங்கடந்து, பதில் எழுதப் பார்க்கிறேன்.

2

ஃபெலா 1938இல் நைஜீரியாவின் அபியோகுட்டா நகரில் பிறந்தவர். தாத்தா ஆங்கிலிக்கன் பாதிரியார். 1920களிலேயே யொரூபா மொழிப் பக்திப் பாடல்களை லண்டனில் கிராமபோன் தட்டுகளாகப் பதிந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தைக் கட்டியவர். அம்மா ஃபுன்மிலாயோ, காலனிய வரிவிதிப்புக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டித் தெருவுக்குக் கொண்டுவந்தவர். 1949இல் அந்த ஊர் மன்னரே பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது. ஆக, தட்டும் சங்கமும் கலகமும் ஃபெலாவுக்கு வீட்டுச் சொத்து.

1958இல் லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரிக்குப் போய் ட்ரம்பெட் படித்தார். ஊர் திரும்பி ஹைலைஃபும் ஜாஸும் கலந்து வாசித்துக்கொண்டிருந்தவரை 1969 அமெரிக்கப் பயணம் புரட்டிப்போட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் சாண்ட்ரா என்கிற கறுப்பினப் பெண் வழியாகக் கருஞ்சிறுத்தைகளின் அரசியலும் மால்கம் எக்ஸின் எழுத்தும் அவருக்கு அறிமுகமாயின. திரும்பி வந்தபின் பாட்டின் மொழி பிட்ஜின் ஆனது. படித்தவர்கள் 'உடைந்த ஆங்கிலம்' என்று ஏளனம் செய்கிற தெருமொழி. யொரூபாவில் பாடினால் யொரூபாக்காரர்களோடு நின்றுவிடும். பிட்ஜினில் பாடினால் லாகோஸிலிருந்து அக்ரா வரைக்கும் கூலிக்காரருக்கும் புரியும். மொழித்தேர்வே அரசியல்தான் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அவருடைய அரங்கின் பெயர் ஆஃப்ரிக்கா ஷ்ரைன். 'ஷ்ரைன்' என்றால் கோயில். முதலில் ஒரு ஹோட்டலில் நடந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து இக்கேஜா பகுதிக்கு இடம் மாறியது. வெள்ளிக்கிழமை இரவுக்கு 'யாபிஸ்' என்று பெயர். பிட்ஜினில் 'யாப்' பண்ணுவதென்றால் நையாண்டி செய்வது, கிண்டலடித்து வாரிவிடுவது. ஃபெலா மைக்கைப் பிடித்து அன்றைய செய்தியைப் போட்டுக் கிழிப்பார். கூட்டத்திலிருந்து எவனாவது எதிர்க்குரல் கொடுப்பான். பதிலுக்கு ஃபெலா அவனை வாருவார். கூட்டம் சிரிக்கும். இந்தப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. இன்றைய வசவு நாளைக்குப் பல்லவி ஆகலாம்.

பாட்டின் கட்டுமானத்தையும் பார்க்கணும். முதலில் கிதாரில் ஒரு சின்னத் துண்டு சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் ட்ரம்ஸ், கோங்கா, மணிகோத்த சுரைக்குடுக்கை எல்லாம் ஒன்றொன்றாகச் சேரும். பிறகு சாக்ஸபோன்களும் ட்ரம்பெட்டுகளும் சேர்ந்து பல்லவியை ஊதும். அப்புறம் தனி ஆவர்த்தனங்கள். பத்து நிமிஷம் போனபிறகும் பாடகர் வாயைத் திறந்திருக்க மாட்டார். வார்த்தை வருவதற்குள் உடம்பு அந்தத் தாளத்துக்குள் போய்விடும். பிறகுதான் ஃபெலா ஒரு வரி எறிவார், பெண்கள் குழு பதில் தரும். தட்டிலேயே ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும். மேடையில் இன்னும் நீளும். 1975இல் வந்த 'கன்ஃப்யூஷன்' ஒரு பக்கத்தில் அடங்காமல் நடுவில் வெட்டப்பட்டு மறுபக்கத்தில் தொடர்ந்தது. வானொலிக்கு இது எந்த வகையிலும் பொருந்தாது. மூன்று நிமிஷத்தில் நறுக்கவும் முடியாது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் பாடபேதம் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. வாய்மொழி முதலில், ஏடு பின்னால், பதிப்பு கடைசியில் என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட வரிசை. ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடுவது புலமை. ஃபெலாவிடம் மூலபாடம் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. இரவுக்கு இரவு பாடபேதங்களை அவரே உண்டாக்குகிறார். தட்டு அவற்றில் ஒன்றை நிறுத்திவைக்கிறது. நிறுத்தியபின் அவருக்கு அதில் வேலை இல்லை. ஷ்ரைனில் நடந்தது கச்சேரி மட்டுமல்ல, ஆல்பத்துக்கான தயாரிப்பும் அங்கேதான் நடந்தது. சுவருக்குள் ஒத்திகை பார்த்துச் சரிசெய்து, சபைக்குக் கொண்டுவருவதல்ல அவர் வழி. சபைதான் ஒத்திகைக்கூடம்.

3

என் பழைய பேச்சில் முதல் கோளாறு இங்கே இருக்கிறது. தட்டைப் பாட்டின் சவப்பெட்டியாகச் சித்திரித்தேன். வரலாறு வேறுமாதிரி சொல்கிறது.

1976இல் 'ஸோம்பி' வந்தது. உத்தரவுக்கு நடக்கிற, உத்தரவுக்கு நிற்கிற, சுயபுத்தி இல்லாத பிணமாகச் சிப்பாயை வைத்துப் பாடிய பாட்டு. ஷ்ரைனுக்கு வந்தவர்கள் மட்டும் கேட்டிருந்தால் அது ஒரு அரங்கத்தின் ரகசியச் சிரிப்பாக முடிந்திருக்கும். தட்டானதால் தெருவெல்லாம் பரவியது. 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை எண்ணெய்ப் பணத்தைக் கொட்டி அரசாங்கம் 'ஃபெஸ்டாக்' என்கிற பெரிய கறுப்பினக் கலைவிழாவை லாகோஸில் நடத்தியது. ஃபெலா அதைப் புறக்கணித்தார். விழாவுக்கு வந்த வெளிநாட்டுக் கலைஞர்கள் ஷ்ரைனுக்குப் போய் அவரைக் கேட்டார்கள். விழா முடிந்த ஆறாம் நாள், பிப்ரவரி 18 அன்று, ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் அவருடைய வீட்டைச் சூழ்ந்தார்கள். கலகுட்டா குடியரசு என்று அவர் பெயரிட்டிருந்த வீடு அது. அடித்தார்கள், பெண்களை வன்புணர்ச்சி செய்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். 1978 ஏப்ரலில் அவர் இறந்துபோனார்.

அன்று எரிந்தவற்றில் இசைக்கருவிகளும் மூல ஒலிநாடாக்களும் உண்டு. நாடாவை ஏன் எரிக்கணும்? மேடைதான் ஆபத்து, தட்டு வெறும் சரக்கு என்று விமர்சகனான நான் நம்பினேன். அதிகாரம் அப்படி நம்பவில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். தீ வைத்தது 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்று முடித்தார்கள். 1979இல் ஃபெலாவின் தட்டு ஒன்று அதே பெயரில் வந்தது: 'அன்நோன் சோல்ஜர்'. அதே வருஷம் ராணுவ ஆட்சியாளர் ஒபசான்ஜோ பதவி இறங்கும் சமயத்தில், அம்மாவின் நினைவாக ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டோடன் பாரக்ஸ் வாசலில் வைத்தார். அதுவும் அப்புறம் ஒரு தட்டாயிற்று. அரசாங்கம் ஒரு கோப்பை மூடுகிறது. இவர் எதிர்க்கோப்பு ஒன்றைத் திறக்கிறார். இந்தத் தட்டுகளைக் கேளிக்கைச் சரக்கு என்று எண்ணித் தள்ளினால் அவை சாட்சியம் என்பதைத் தவறவிடுவோம். சாட்சியைக் கூண்டில் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், பிறகு அது எல்லோருக்குமான ஆவணம். திரும்பத் திரும்ப மேடையில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர் பாட்டை விட்டதற்கு இப்படி ஒரு அர்த்தமும் இருக்கலாம்.

வழக்கத்துக்கு விதிவிலக்கும் உண்டு. 1978இல் அக்ராவில் நடந்த நிகழ்ச்சியில் 'ஸோம்பி' பாடப்படும்போதே கலவரம் வெடித்தது. கானா அரசு அவருக்குத் தடை போட்டது. தட்டாகி ரெண்டு வருஷமான பாட்டு அது. செத்த பாட்டென்றால் யாரும் கலவரம் பண்ண மாட்டார்கள்.

பெஞ்சமினையும் நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். இயந்திர மறுஉற்பத்தியில் கலையின் ஒளிவட்டம் போய்விடுவதை அவர் ஒப்பாரியாகப் பாடவில்லை. ஒளிவட்டம் கழன்றால்தான் கலை சடங்கிலிருந்து விடுபட்டு அரசியலுக்கு வரும் என்றார். 'நேரில் கேட்டவனுக்கே உண்மை' என்று நான் பேசியது சரியாக அந்த ஒளிவட்டத்தைத்தான் மறுபடி பொருத்தியது. கோயில் என்று பெயர் வைத்த இடத்தில் நான் பக்தனாகிவிட்டேன்.

4

தட்டு யாருடைய கையில் முடிகிறது என்பது அடுத்த கேள்வி. 1984 செப்டம்பரில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் ஃபெலாவைப் பிடித்தார்கள். அந்நியச் செலாவணிக் குற்றச்சாட்டு, அஞ்சு வருஷம் தண்டனை. புஹாரியின் ராணுவ ஆட்சிக் காலம். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனச்சாட்சிக் கைதி என்று அறிவித்தது. 1986 ஏப்ரலில்தான் வெளியே வந்தார்.

அவர் உள்ளே இருக்கும்போது 'ஆர்மி அரேஞ்மென்ட்' வெளிநாட்டுச் சந்தைக்குத் தயாரானது. பில் லாஸ்வெல் என்கிற அமெரிக்கத் தயாரிப்பாளர் நாடாவை எடுத்து, சில பகுதிகளை அழித்து, வேறு கலைஞர்களை வாசிக்கவைத்து ஒட்டிக் கலந்தார். ஃபெலாவுக்கு அது பிடிக்கவில்லை. லாஸ்வெல் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். மேற்கத்தியக் காதுக்குக் கூர்மையாக ஆக்கினார். ஆனால் பல இரவுகள் ஒரு ஜனக்கூட்டத்தின் முன்னால் வைத்து எடைபோடப்பட்டதை, அந்த ஜனங்களும் இல்லாமல், பாடகரும் இல்லாமல் ஒரு அறையில் முடித்தார்கள். பதிவு கெடுதலா நல்லதா என்று பொதுவாகக் கேட்பது எவ்வளவு மொண்ணையான கேள்வி என்பது இதில் தெரிகிறது. முடிக்கும்போது யார் அந்த அறையில் இருந்தார்கள்? இதுதான் கேட்க வேண்டியது. ஃபெலா இல்லாத அறையைப் பற்றி எல்லோரும் கோபப்பட்டோம்.

அவர் இருந்த அறையில் மட்டும் எல்லோரும் இருந்தார்களா?

5

இங்கேதான் தோழியின் கேள்வி வருகிறது.

இசைக்குழுவில் ஒவ்வொரு கருவி என்ன வாசிக்கணும் என்பதையும் ஃபெலாவே அமைத்துத் தந்தார். ட்ரம்ஸ் வாசித்த டோனி ஆலன் ஒருவர்தான் தன் பங்கைத் தானே அமைத்துக்கொண்டவர். ஆஃப்ரோபீட் என்று நாம் கேட்கிற அந்தத் தாள நடை ஆலனின் ரெண்டு கையும் ரெண்டு காலும் இல்லாமல் கிடையாது. 1978 பெர்லின் நிகழ்ச்சிக்குப் பிறகு குழுவில் பலர் வெளியேறினார்கள். ஆலனும் 1979 வாக்கில் விலகினார். பணமும் அதில் ஒரு பிரச்சினை. கூட்டாக உருவான ஒன்று தட்டாகும்போது அட்டையில் ஒரு பெயர், ஒரு முகம்.

பெண்களின் நிலை இன்னும் கீழே. 1972இல் வந்த 'லேடி', ஆணுக்குச் சமம் என்று பேசுகிற படித்த பெண்ணை ஏளனம் செய்கிற பாட்டு. அதற்கு எதிராக அவர் நிறுத்துகிற 'ஆஃப்ரிக்கப் பெண்' கணவனுக்கு அடங்கியவள். ஆயிரக்கணக்கான பெண்களோடு மன்னரை இறக்கிய ஒருத்தியின் மகன் இதை எழுதினார் என்பதை எப்படி ஜீரணிப்பது? காலனி எதிர்ப்பு தனக்குள் வைத்திருக்கிற ஆணாதிக்கத்தைப் பாரம்பரியம் என்று பெயர் மாற்றிக் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. நம் மேடைகளிலும் கேட்டிருக்கிறோம்.

1978 பிப்ரவரியில், வீடு எரிந்து ஒரு வருஷம் ஆன சமயத்தில், குழுவின் பாடகிகளும் ஆட்டக்காரிகளுமாக 27 பெண்களை ஃபெலா ஒரே நாளில் மணந்தார். அவர்களைக் கடத்தி வைத்திருக்கிறார், விபச்சாரம் நடத்துகிறார் என்று நடந்த அவதூறுக்கு அது பதில் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். சிப்பாய்களின் வன்முறையை உடம்பில் வாங்கிய பெண்கள் அதற்குப் பிறகும் அதே மேடைக்குத் திரும்பினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களை வெறும் பலியாக எழுதிவிடுவது இன்னொரு அவமரியாதை. கார்லோஸ் மூர் 1982இல் வெளியிட்ட ஃபெலாவின் வரலாற்று நூலில் அந்தப் பெண்கள் பலரின் நேர்காணல்கள் இருக்கின்றன. அங்கே அவர்களுக்குச் சொந்த வாக்கியம் இருக்கிறது. தட்டில் இல்லை.

தட்டில் அவர்களுக்கு இருப்பது பதில் மட்டும். ஃபெலா கேட்கிறார், பெண்கள் பதில் சொல்கிறார்கள். நாம் இதைக் 'கேள்வி - பதில் வடிவம்', 'ஆஃப்ரிக்கக் கூட்டுமரபு', 'உரையாடல்' என்று சிலாகிக்கிறோம். முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட பதில் எப்படி உரையாடலாகும்? யாபிஸ் இரவில் கூட்டத்தில் நிற்கிற ஒருவன் குறுக்கே பேசலாம். பின்னால் நிற்கிற பாடகி குறுக்கே பேச இடமில்லை. அவளுடைய குரல்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது. 'லேடி' ஷ்ரைனில் சோதிக்கப்பட்டபோது, "இது தப்பு" என்று சொல்ல உரிமை உள்ள ஒரு பெண் அந்தச் சபையில் இருந்திருந்தால் அந்தத் தட்டு எப்படி வந்திருக்கும்? 1976இல் 'அப்சைட் டவுன்' என்கிற பாட்டில் சாண்ட்ரா முன்னணியில் பாடுகிறார். ஃபெலாவின் தட்டுகளில் இது அபூர்வம். ஆனால் அதிலும் சொற்கள் ஃபெலாவுடையவை.

6

கடைசி ஆல்பம் 1992இல் வந்த 'அண்டர்கிரவுண்ட் சிஸ்டம்'. 1987இல் கொல்லப்பட்ட தாமஸ் சங்கராவை மனதில் வைத்து அமைத்த பாட்டு. மறுபக்கத்தில் 'பன்ஸா பன்ஸா'. இது எழுபதுகளின் பின்பாதியிலேயே மேடைகளில் பாடப்பட்டது. தட்டாவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறது. அதற்குப் பின் ஃபெலா ஸ்டூடியோ ஆல்பம் எதையும் வெளியிடவில்லை. ஷ்ரைனில் பாடிக்கொண்டுதான் இருந்தார். 'சாப் அண்ட் க்ளீன் மவுத்', 'பிக் ப்ளைண்ட் கன்ட்ரி', 'க்ளியர் ரோடு ஃபார் ஜாகா ஜாகா' என்று பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. மேடையில் யாரோ பிடித்த ஒலிப்பதிவுகளாக அவை அங்கங்கே சுற்றுகின்றன. ஆல்பமாக முடிக்கப்படவில்லை. அபாச்சாவின் கொடுங்காலம் அது.

என் பழைய பேச்சின்படி பார்த்தால் இந்தப் பாட்டுகள்தான் உச்சம். பண்டமாகவே ஆகாதவை! ஆனால் உண்மையில் இழப்பு எவ்வளவு என்று யோசியுங்கள். 'ஸோம்பி'யைச் சிப்பாய் ஒருவனும் கேட்டிருப்பான். அபாச்சா காலத்துப் பாட்டுகள் அந்த அரங்கத்துக்கு வெளியே அப்படிப் போகவில்லை.

அந்தப் பதிவாகாத பாட்டுகளில் ஒன்றைத் தனியே சொல்லியாகணும். 'காண்டம் ஸ்கேலிவாக் அண்ட் ஸ்கேட்டர்'. ஆணுறைக்கு எதிரான பாட்டு. அது வெள்ளைக்காரன் சமாச்சாரம், ஆஃப்ரிக்கருக்கு ஒவ்வாதது என்பது ஃபெலாவின் நிலைப்பாடு. அவருடைய அண்ணன் ஒலிக்கோயே குழந்தை மருத்துவர், 1985 முதல் 1992 வரை நாட்டின் சுகாதார அமைச்சர். 1997 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஃபெலா இறந்தார். எய்ட்ஸ்தான் காரணம் என்பதை மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் அறிவித்தவர் இந்த அண்ணன். லட்சக்கணக்கான ஜனங்கள் ஊர்வலத்தில் போனார்கள். அறிவிப்பு அந்த ஜனங்களுக்கானது.

ஷ்ரைனில் அந்தப் பாட்டு பாடப்பட்டபோது மறுத்துப்பேச வேண்டியவர்கள் யார்? யாருடைய உடம்பு அந்தப் பாட்டின் விலையைக் கொடுக்குமோ அவர்கள். அவர்கள் பின்னால் நின்று பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டைச் சோதிக்கும் சபை என்று நான் கொண்டாடிய சபை, உயிர்போகிற விஷயத்தில் சோதிக்கத் தவறிவிட்டது. மறுப்பு சபைக்கு வெளியேயிருந்து, சாவுக்குப் பிறகு வந்தது.

இதனால் ஃபெலாவைக் கழித்துக்கட்டு என்கிறேனா? இல்லை. நம்மில் சிலருக்கு அந்த அவசரம் உண்டு. ராணுவத்தைப் பார்த்து ஆயிரம் துப்பாக்கிக்கு முன்னால் சிரித்தவர், 'ஸோம்பி'யும் 'சவப்பெட்டி'யும் தந்தவர். பாட்டை ஜனங்களுக்கு நடுவில் வைத்து, முடியாத பொருளாக, வேலையாக வைத்திருந்து, பக்குவம் வந்தபின் தட்டாக்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்தவர். இந்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். ஸ்டூடியோவில் மூன்று நாளில் எட்டுப் பாட்டைச் சுட்டெடுத்து, வெளியீட்டு விழா வைத்து, அதே பாட்டைப் பதினைந்து வருஷம் மேடை மேடையாக ஒரே மாதிரி பாடிக்கொண்டிருக்கிற நமக்கு இது தேவையான பாடம். ஆனால் எப்போது பாட்டை விடுவது என்பதை அவர் ஒருவர்தான் தீர்மானித்தார். பாட்டு முடிந்தது என்று சொல்கிற அதிகாரமும், இன்னும் முடியவில்லை என்று சொல்கிற அதிகாரமும் ஒரே ஆளிடம் இருந்தது. அது நிறுவனத்துக்கு எதிராக நின்றபோது கலகமாகத் தெரிந்தது. உள்ளே திரும்பியபோது அதற்கு என்ன பெயர் என்பதை நான் பேசாமல் விட்டேன்.

போன மாசம் தோழியின் குழுவினர் தங்கள் பாட்டுகளைப் பதிய வேண்டும் என்று கூடினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்தப் பாட்டு, எந்த வரிசை, எத்தனை நிமிஷம் என்று பேச்சு ஓடியது. நாலாவதாக ஒரு பாட்டு. இருபது வருஷமாக எல்லா மேடையிலும் கைதட்டு வாங்கிய பாட்டு. குழுவிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண், டேப் அடித்துக்கொண்டிருந்தவள், "இதுல வர்ற மூணாவது சரணத்தை நான் பாட மாட்டேன் தோழர். அதுல பொம்பளைய பேசியிருக்கிறது சரியில்ல" என்றாள். எழுதியவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரெண்டு மணிநேரம் எல்லோரும் பேசினார்கள். அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை. சரணம் இன்னும் முடிவாகவில்லை.